ருசி தெரியாத பழம்

தம்பி,

நீ எழுந்து இதைப் பார்க்கிற நேரத்துக்கு நான் கரையைத் தாண்டி மணலில் இறங்கியிருப்பேன். செல்வியை எழுப்பாதே, குழந்தை அவளைச் சரியாகத் தூங்க விடவில்லை. முகம் கழுவிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து நிதானமாகப் படி. நேரில் சொல்லாமல் இதென்ன காகிதம் என்று உனக்குக் கோபம் வரும். வாழைத்தார் கொண்டு போகிற நாளுக்கு முந்தின நாள் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது நம் கரையின் வழக்கம். ஆறு கேட்டுக்கொண்டிருக்கும் என்பார்கள். எழுதக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. வழக்கத்தை உண்டாக்கியவர்களுக்கு எழுதத் தெரிந்திருக்காது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நீ படித்து முடித்ததும் இதை ஒளித்து வைக்காதே. கொள்ளிடக் கரையில் வாழை போடுகிற மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடு. அவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கோடையில் கொள்ளிடம் வற்றி நடுவில் மணல்மேடு தலை தூக்குகிறது. நம் சனங்கள் அங்கே போய் நான்கு பனங்கழி நட்டு, இடுப்பு உயரத்துக்கு வெள்ளைக் காடாத் துணியை விரித்துக் கட்டுகிறோம். தெற்குப் பக்கம் நாம் உட்காருவோம். வடக்குப் பக்கம் வெறும் மணல்தான். உச்சி வெயிலில், நம் நிழல் நம் காலடியில் சுருங்கும்போது, வானம் தெளிவாகவே இருக்கும். திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டை மட்டும் இருக்காது. மலை இருந்த இடத்தில் வானம் இருக்கும். அப்போது அந்தப் பக்கத்தார் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். துணிக்கு அடியில் கையை நீட்டினால் ஒரு கை வந்து பிடிக்கும். மாட்டுத் தாவணிச் சந்தையில் துண்டு போட்டு மூடி விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பாய், அதே கணக்குதான். இத்தனை தாருக்கு இத்தனை கூடை பழம் என்று விரலாலேயே பேசி முடிக்க வேண்டும். யார் முதலில் கையை விடுகிறார்களோ அவர்கள் மற்றவர் கேட்டதற்குச் சம்மதித்தார்கள் என்று பொருள். குனிந்து பார்க்கக் கூடாது. பேரம் முடிந்ததும் தார்களை மேட்டில் வைத்துவிட்டுக் கரைக்கு வந்து, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். திரும்பிப் போகும்போது தார்கள் இருக்காது, கூடைகளில் ஆற்றுப்பழம் இருக்கும். மணலில் நம் காலடியைத் தவிர வேறு காலடி இருக்காது.

அவர்களுக்கு நம் வாழைப்பழத்தின் மேல் அப்படி என்ன ஆசை என்று சின்ன வயதில் நீ கேட்பாய். புகைதான் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே நெருப்பு இல்லை போலிருக்கிறது. குழி வெட்டி, தாரை அடுக்கி, சருகு மூடி, வறட்டி கொளுத்தி மூட்டம் போட்டுப் பழுத்த பூவன்தான் அவர்களுக்கு வேண்டும். ஒரு வருஷம் மழை பிசகி நேரமில்லாமல், வைக்கோல் சூட்டிலேயே பழுக்க வைத்து ஒரு தாரைக் கலந்து கொண்டு போனேன். அந்த ஒரு தார் மட்டும் மேட்டிலேயே கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பழமும் தோல் உரிக்கப்பட்டு, உள்ளே பழத்தைத் தொடாமல், அந்தத் தோலாலேயே திரும்ப மூடப்பட்டிருந்தது. அதை ஆடு கூட முகரவில்லை. நீ எந்த வேலை செய்தாலும் மூட்டத்துக்கு உரிய நேரத்தைக் கொடு, தம்பி. கட்டிக்கொண்டவளோடு பேசுகிறதிலும் அப்படித்தான். அவள் எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்த பெண், நம் ஆற்றங்கரைப் பழக்கமெல்லாம் அவளுக்குப் புதிது; ஒரே நாளில் பழுத்துவிட வேண்டும் என்று அவளை அவசரப்படுத்தாதே.

ஆற்றுப்பழம் எப்படி இருக்கும் என்று கரைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் பூத்த தோல், உள்ளே வெள்ளைச் சதை, கொட்டை கிடையாது. அதனால் நம் பக்கத்தில் அதைப் பயிர் செய்ய முடியாது. நான் பிடிவாதக்காரி, ஒரு முழுப் பழத்தையே கொல்லையில் புதைத்துப் பார்த்தேன். காலையில் குழி தோண்டிக் கிடந்தது, மண்ணை ஒரு பக்கமாகக் கையால் வழித்துக் கூட்டி வைத்திருந்தது. பிறகு நான் முயலவில்லை. அந்தப் பழத்தின் குணம் ஊருக்கே தெரியும். உனக்கு வாயில் ஊட்டியோ இலையில் போட்டோ சோறு கொடுத்தவர் யாராவது இறந்திருந்தால், அவர் கையால் நீ கடைசியாகச் சாப்பிட்டது எதுவோ அந்த ருசி நாக்கில் வரும். அதனால்தான் மாம்பழத்தைக் கூட பேரம் பேசி வாங்குகிற ஜனங்கள் இதை மட்டும் குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

பாலக்கரை காதர் பாய் கடையில் நம் கூடைகளை இறக்கும்போது நீயும் வண்டியில் இருந்திருக்கிறாய். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கிழவர் வருவார், மனைவியை இழந்தவர், வாங்கின இடத்திலேயே நின்று ஒரு துண்டு சாப்பிடுவார். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு, ரசம் குடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

“என்ன மாமா, பழம் சரியில்லையா?” என்று காதர் பாய் கேட்டார்.

“பழம் என்ன பண்ணும்? சாத்தமுதுல உப்பே போடலை. அன்னிக்கும் போடலை, இன்னிக்கும் போடலை. நாப்பது வருஷமாச் சொல்லிண்டிருக்கேன், கேட்டாத்தானே.”

“அப்ப வேற பழம் தரட்டுங்களா?”

“எதுக்கு? இதையே குடும். கோச்சுக்கப் போறா.”

பாய் சிரித்தார், அப்புறம் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். கிழவர் போன பின் என்னிடம், “ஏம்மா, ஊருக்கெல்லாம் குடுக்குறீங்க, நீங்க ஒரு தடவை கூட வாயில வச்சதில்லையாமே?” என்றார். நான், “கை வைக்கிறவங்க வாய் வைக்கக் கூடாதுங்க பாய்” என்றேன். அது நம் கரையின் இன்னொரு வழக்கம். துணிக்கு அடியில் கை நீட்டுகிறவர் பழத்தைத் தின்னக் கூடாது. தின்றவருக்குப் பேரம் பேச வராது. என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவார்.

உன் அப்பா தின்றார்.

இதுவரை உன்னிடம் ஆறு கொண்டுபோனது என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஊரும் அப்படித்தான் சொன்னது. கணுக்கால் தண்ணீரில் ஓர் ஆம்பிளை எப்படி முழுகுவான் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பங்குனியில் உன் அப்பாயி, அவரைப் பெற்றவர், இறந்துபோனார். உன் அப்பா அழவில்லை. அழாத மனிதரைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பயம். தார் கொண்டு போன அன்று காலையில் அவர் நன்றாகத்தான் இருந்தார். ஒரு ரஸ்தாளியைப் பிசைந்து, நெய் தொட்டு, உன் வாயில் வைத்தார். நீ துப்பினாய். “ஏ புள்ள, இவன் நம்ம வீட்டுப் பழத்தையே துப்புறான். பெரிய வியாபாரியாத்தான் வருவான்” என்றார். திரும்ப வழித்து ஊட்டினார், நீ சாப்பிட்டாய். மேட்டில் போன வருஷத்துக் கூடையொன்று புதைந்திருந்தது. அதற்குள் ஒரு பழம், வருஷம் ஆகியும் வாடாமல். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கரையில் நின்றேன். அவர் அதை எடுத்துக் கடிப்பது தெரிந்தது. கத்தினேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு போய்த் துணிக்கு அடியில் கையை நீட்டி உட்கார்ந்தார். அங்கிருந்தே என்னைப் பார்த்து, “மீன் குழம்பு புள்ள, சுண்ட வச்சது” என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். நீ சிணுங்கினாய். உன்னை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினேன். நிமிர்ந்தபோது துணி மட்டும் இருந்தது. அது காற்றில் ஆடவில்லை. நடுவில், ஏதோ கனமானது அடியிலிருந்து இழுத்துக்கொண்டு போன மாதிரி, கீழே தொய்ந்திருந்தது.

உன் அத்தைமார்கள் வந்து என் நெற்றியைத் துடைத்தார்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அடுத்த கோடையில் தார் கொண்டுபோக ஆள் இல்லை. நான் போகிறேன் என்றதும் கரையில் ஒரே சிரிப்பு. “பொம்பள கைய அவுங்க மதிப்பாங்களா?” என்று ஒருவர் கேட்டார். “கைக்கு என்னாங்க ஆம்பள பொம்பள? விரல் அஞ்சும் இருந்தா போதாதா?” என்றேன். அன்று என்னைப் பிடித்த கை வாழைத்தண்டு மாதிரி சில்லென்று வழவழப்பாக இருந்தது. உள்ளங்கையில் ரேகை இல்லை. விரல் நுனியில் நகம் இருக்க வேண்டிய இடமும் மெத்தென்று இருந்தது. பயத்தில் எனக்கு மூத்திரம் வந்துவிட்டது, ஆனால் நான் முதலில் கையை விடவில்லை. அது விட்டது. அந்த வருஷம் கரையிலேயே அதிகக் கூடை நம்முடையதுதான். அதிலிருந்து உன்னைப் படிக்க வைத்தது, வீட்டுக்கு ஓடு மாற்றியது, உன் கல்யாணம், எல்லாமே இந்தக் கையால் நடந்தவை. அதில் எனக்குப் பெருமை உண்டு. பெருமைப்படுவதில் என்ன தப்பு?

அணா போய் நயா பைசா வந்த கோடையில் வேறொரு கை வந்தது. சுண்டு விரலின் நுனி இல்லை. வாழைக்குலை வெட்டும்போது கத்தி பட்டு, கல்யாணத்துக்கு முன்பே உன் அப்பாவுக்குப் போன நுனி அது. அந்தக் கை என் கையைத் தடவிப் பார்த்தது. வளையல் இருக்கிற இடத்தில் வந்து நின்றது. வளையல் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு பேரத்துக்கு வந்தது. வீட்டில் கத்திரிக்காய் விற்கிறவளிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு விரலுக்கும் மல்லுக்கு நின்றது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இறந்துபோனவர்கள் அந்தப் பக்கம் வேலை செய்கிறார்கள், இவரும் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை புருஷன் கையைப் பிடிக்கிற கைம்பெண் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? அது எனக்கே எனக்கானது என்று வைத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் நான் கவனித்தும் யோசிக்காமல் விட்டேன். மற்ற கைகள் எல்லாம் சில்லென்று இருக்கும். இந்தக் கை சூடாக இருந்தது. அடுத்த வருஷம் கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். போன கோடையில், ஆற வைத்த பால் மாதிரி, சூடு இருக்கிறதா இல்லையா என்று தேடித்தான் கண்டுபிடித்தேன். ரேகைகளும் தேய்ந்து வருகின்றன.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். சாயங்காலம் நீ கரையில் நின்றுகொண்டிருந்தாய். உன் சட்டைப் பையில் சாம்பல் தோல் நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

“தின்னியா?” என்றேன்.

“ஆமாம்மா. பாப்பா பொறந்ததுலேருந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. அப்பா முகமே எனக்கு ஞாபகம் இல்ல. அவர் குடுத்தது ஏதாச்சும் நாக்குலயாவது வரட்டுமேன்னு தின்னேன்.”

“என்ன ருசிச்சுது? ரஸ்தாளியா? நெய்யா?”

“ஒண்ணுமே இல்லம்மா. வெறும் தண்ணி. பழம் கெட்டுப்போயிருக்கும்.”

நான் வீட்டுக்குள் வந்து, நீ எடுத்த போன வருஷத்துக் கூடையில் மீதி இருந்த பழத்தில் ஒரு துண்டு நறுக்கிச் செல்வியிடம் கொடுத்தேன். வாயில் போட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “எங்க ஆயா வச்ச கேப்பக் களிங்க அத்தை. கருப்பட்டி கூட இருக்குங்க” என்று அழுதாள். பழம் கெட்டுப்போகவில்லை, தம்பி. நீ வாசலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகம் மாறியது. என்னைப் பெற்றவர்கள் நீ பிறக்கும் முன்பே போய்விட்டார்கள். உன் அப்பாயி படுத்த படுக்கை, உனக்கு ஊட்டியதில்லை. உனக்குச் சோறு போட்ட மற்ற எல்லோரும் இன்றைக்கும் இந்தத் தெருவில் நடமாடுகிறார்கள். உனக்கு ஊட்டியவர்களில் இறந்தவர் ஒரே ஒருவர் என்று நாம் நினைத்திருந்தோம். அவருடைய ருசி வரவில்லை என்றால் அவர் இறக்கவில்லை.

நீ திரும்பிக் கரைக்கே ஓடினாய். “நாளைக்கு நான் போறேன்மா. கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுறேன்” என்று தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொன்னாய். நான் ஓடிவந்து வாயைப் பொத்துவதற்குள் சொல்லிவிட்டாய். எதிர்க்கரை நாணலில் காற்று இல்லை. ஆனாலும் நாணல் எல்லாம் நம் பக்கம் சாய்ந்து நின்றதை நீயும் பார்த்தாய். அதனால்தான் அதற்குப் பின் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நீ வருவாய் என்று அவர்களுக்குத் தெரியும். நீ பழம் தின்றவன். ருசி தெரியாவிட்டாலும் வாசனை உன் கையில் இருக்கும். உனக்குப் பாலுக்கு அழுகிற மகள் இருக்கிறாள். அப்பாவைத் தெரியாமல் நீ வளர்ந்த மாதிரி அவளும் வளர வேண்டாம்.

நான் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதுதான் பெரிய காரணம். என் விரல்களைப் பற்றி உனக்குத் தெரியும். மூட்டு வீங்கி, ஒரு தடவை மடங்கினால் தானாக விரியாது. காலையில் எண்ணெய் காய்ச்சி, ஒவ்வொரு விரலாக நீதானே நீவி விரிக்கிறாய். மருந்துக்காரர் அதை வியாதி என்கிறார். சரி, வியாதிதான். ஆனால் யோசித்துப் பார். முதலில் கையை விடுகிறவர் தோற்கிற பேரம் அது. பிடித்தால் விட முடியாத கை இந்தக் கரையில் என் ஒருத்திக்குத்தான் இருக்கிறது. இன்று காலை எண்ணெய் தடவவில்லை. ஐந்து விரலையும் பிடித்தால் எல்லாவற்றையும் கேட்கிறேன் என்று கணக்கு. இன்றைக்கு அவர் கையை ஐந்து விரலோடும் பிடிக்கப் போகிறேன். தார் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், தோப்பையே எடுத்துக்கொள்ளட்டும். நான் கேட்டது கிடைக்கும் வரை என் கை விடாது. நானே நினைத்தாலும் விடாது. கிளம்பும் முன் கண்ணாடி பார்த்துக் குங்குமம் வைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால், புருஷன் இருக்கிறார், அதனால் வைத்திருக்கிறாள் என்று சொல்.

உச்சி வெயில் சாய்ந்ததும் நீ வரலாம், அதற்கு முன் வேண்டாம். கரையில் நின்று முதலில் திரும்பிப் பார். மலைக்கோட்டை தெரிந்தால் மட்டும் மணலில் இறங்கு. உன் வேட்டி ஒன்று கொண்டு வா, அவருக்கு. கட்டியிருந்தது இத்தனை வருஷம் தாங்கியிருக்காது. சத்தம் போட்டு அப்பா என்று கூப்பிடாதே, உன்னை அவருக்கு அடையாளம் தெரியாது. கிட்டப் போய் உட்கார். குழந்தையைப் பிறகு காட்டலாம்.

துணி மட்டும் தொய்ந்து கிடந்தால், அதன் அடியில் கையை வைக்காதே. இது என் உத்தரவு. கழிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. அரிசிப் பானைக்குள் ஓர் ஆற்றுப்பழம் எடுத்து வைத்திருக்கிறேன். அதை அன்றைக்கே தின்றுவிடாதே. ஆடி வந்து, ஆறு பெருகி, மேடு முழுகின பிறகு தின்று பார். வெறும் தண்ணீராக இருந்தால் அழ வேண்டாம், எனக்குக் காரியம் எதுவும் செய்யவும் வேண்டாம். நானும் அவரும் ஒரே இடத்தில் இருக்கிறோம், அடுத்த கோடை வரை கை சூடாக இருக்கும். வேறு ருசி வந்தால் மட்டும், செய்ய வேண்டியதை முறையாகச் செய்துவிடு.

எந்த ருசி என்று உனக்குச் சந்தேகம் வரக் கூடாது. அடுப்பு மேடையில் புளிச்சோறு கிளறி மூடி வைத்திருக்கிறேன். ரேஷன் அரிசிதான், கல் பொறுக்கியிருக்கிறேன். வருவதற்கு முன் அதைச் சாப்பிட்டுவிட்டு வா, அவசரமில்லாமல் நன்றாக மென்று சாப்பிடு. உப்பு தூக்கலாக இருக்கும். தெரிந்தேதான் போட்டேன்.

உன் அம்மா